மக்கோலாச் சந்தையில் அவளுடைய தோழி

ஸ்பிரிங்வேலில் சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு போனால், மரக்கறிக் கடைகளில் மிஞ்சிய பெட்டிகளைக் கூவிக் கூவி மலிவாகக் கொடுப்பார்கள். ஒன்பது வருடங்களாக நானும் அவளும் அந்த நேரத்துக்குத்தான் போய் வந்தோம். அவள் கானா நாட்டவள். தென்கிழக்கு மெல்பேர்னில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் நான் நோயாளர்களுக்கு இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன். ஒருநாள் லிஃப்டில் என் பைக்குள் இருந்து எட்டிப் பார்த்த மரவள்ளிக்கிழங்கைக் கண்டுவிட்டு, அதை எங்கே வாங்கினேன் என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது.

எனக்கு வேண்டியதும் அவளுக்கு வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றுதான். வெண்டிக்காய், வாழைக்காய், மரவள்ளி, நல்ல உறைப்பான மிளகாய், காய்ந்த மீன். அவள் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து எடுத்த அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வார்ட்டில் தமிழ் நோயாளர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினாள். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் சொன்னவை எல்லாம் இப்போது எங்கள் வீட்டுத் தமிழிலேயே எனக்கு ஞாபகம் வருகின்றன. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குப் பிடிக்காத விடயம் ஒன்றே ஒன்று இருந்தது. எங்களுக்குப் பின்னேரமாகும் அந்த நேரத்தில்தான் அக்ராவில் விடியும். அங்கே மக்கோலாச் சந்தையில் புகையில் வாட்டிய மீன் விற்கிற அவளுடைய சிறுவயதுத் தோழி கடை விரிக்கிற நேரம் அது. கைபேசி அடிக்கும். "மி நுவா!" என்று இவள் கத்துவாள். என் உடன்பிறப்பே என்று அதற்கு அவர்கள் மொழியில் பொருளாம். பிறகு இருபது நிமிடங்களுக்கு நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னோடு இருக்கும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு ஒன்று. அந்தத் தொலைபேசியில் சிரிக்கிற சிரிப்பு வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். ஒரு சொல்லும் விளங்காத வியட்நாம் கடைக்காரியும் சேர்ந்து சிரிப்பாள். நான் மட்டும் வாழைக்காய்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, "நாப்பத்திமூண்டு வயசு. நடுக்கடையிலை நிண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கத்துறாள்" என்று பொரிவேன். என் மகள் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, யூ ஸவுண்ட் ஸோ ஜெலஸ்" என்பாள். "எனக்கென்ன ஜெலஸ்?" என்று கேட்டுவிட்டு ஃபிரிட்ஜ் கதவை வேண்டியதைவிடப் பலமாகச் சாத்துவேன்.

எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய கணவர் இரண்டு பெட்டிகளோடு வீட்டை விட்டுப் போய்விட்டார். பெர்த்தில் வேறொருத்தி. அன்று அவள் கூப்பிட்டது என்னைத்தான். நான் தலைகூட வாரி இழுக்காமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலைக்கு லீவு போட்டு ஐந்து நாட்கள் அவளோடு தங்கினேன். சோற்றைக் குழைத்து வாயில் தீத்தினேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். அக்ராவில் இருக்கும் தாய்க்கு இருதய வருத்தம். மருமகன் என்றால் அவருக்கு உயிர். கேள்விப்பட்டால் தாங்கமாட்டார் என்று பயந்தாள். நான் என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. தொலைபேசியில் அவள் சிரிக்கும்போதெல்லாம், 'இது அந்த மீன்காரிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு மிட்டாயைக் கொடுப்புக்குள் வைத்துச் சூப்புவதுபோல அந்த நினைப்பைச் சூப்புவேன்.

இந்த ஜனவரியில் அவளுடைய தாய்க்கு எழுபத்தைந்து வயது நிரம்பியது. தேவாலயத்தில் நன்றி ஆராதனை வைத்தார்கள். "அக்கா, நீங்களும் வாங்கோ. நான் தனியப் போனா எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேப்பினம். நீங்கள் பக்கத்திலை நிண்டா எனக்குத் தைரியம்" என்றாள். இதைவிட வேறு என்ன வேண்டும் எனக்கு. என் கணவரும், "போட்டு வாரும். ஒன்பது வருசமா அந்தச் சந்தைக் கதையைக் கேக்கிறம். ஒருக்காக் கண்ணாலை பாத்திட்டு வாரும்" என்று அனுப்பிவைத்தார். விமானத்தில் இருவரும் பொய்யை ஒத்திகை பார்த்தோம். அவளுடைய கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் வருவார்.

அக்ராவில் அது புழுதிக்காற்று வீசும் காலம். பாலைவனத்தில் இருந்து வரும் அந்தக் காற்று வானத்தையே பழுப்பாக்கி வைத்திருந்தது. வீட்டு முன்னறைச் சுவரில் மகளும் மருமகனும் நிற்கிற கலியாணப் படம், பெரிய தங்கநிறச் சட்டத்துக்குள், தொங்கியது. தாய் உயரமான மனுசி. என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, "என்ரை மகன் எப்பிடி இருக்கிறார்?" என்று மருமகனைத்தான் கேட்டார். "நல்லா இருக்கிறார். வேலைதான் கூட" என்று நான் கண்ணிமைக்காமல் சொன்னேன். அவள் எனக்குப் பின்னால் நின்று என் முதுகை மெல்லத் தட்டினாள். அந்தத் தட்டு ஒன்றுக்காகவே அவ்வளவு தூரம் பறந்து வந்தது சரி என்று பட்டது.

அடுத்தநாள் காலை மக்கோலாவுக்குப் போனோம்.

நான் ஒன்பது வருடமாகத் தொலைபேசி வழியாகக் கேட்ட சத்தத்துக்குள்ளே இப்போது நானே நடந்தேன். தெரு எங்கே முடிகிறது, சந்தை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பெரிய நிறக் குடைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கீழே பெண்கள். எங்கு பார்த்தாலும் பெண்கள்தான். எனாமல் தட்டுகளில் தக்காளியை நாலு நாலாகக் கோபுரம் கட்டி வைத்திருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக மிளகாய்க் குவியல்கள், ஆளின் தொடை மொத்தத்துக்குக் கிழங்குகள், உயிரோடு நகரும் பெரிய நத்தைகள், சுருட்டி அடுக்கிய அச்சடித்த துணிகள். தலையில் அகன்ற சட்டியோடு சாமான் சுமக்கிற பெண்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வர, சனம் இரண்டாகப் பிரிந்து பிறகு ஒட்டிக்கொண்டது. பைகளில் அடைத்த குளிர்தண்ணீர் விற்கிறவள் என் காதுக்குள் கூவினாள். ஒருவர் ஒலிபெருக்கி வைத்து வேதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் இன்னொரு ஒலிபெருக்கியில் எலிமருந்து விற்றார்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஸ்பிரிங்வேலில் எந்தக் கடையில் எது நல்லது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். இங்கே எனக்கு எந்தப் பக்கம் கால் வைப்பது என்றே தெரியவில்லை. அவளோ மெல்பேர்னில் நடக்கிற நடையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தவள்போல இருந்தாள். தோளால் சனத்தை விலக்கினாள். விலை கேட்டு, இடுப்பில் கைவைத்து, சிரித்துத் திட்டி, திரும்பி நடப்பதுபோலப் பாவனை செய்து, மறுபடி கூப்பிட வைத்தாள். வார்ட்டில் மூத்த தாதி ஏதாவது சொன்னால் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிற அந்தப் பெண் இவள்தானா? அவளை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒரு பங்கைத்தான் தெரிந்து வைத்திருந்தேன் போல.

மீன்கடைகள் இருந்த வரிசைக்குள் திரும்பினோம். புகை மணம் மூக்கில் ஏறியது. ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து பருத்த, குள்ளமான ஒரு பெண் எழுந்தாள். கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. மேசையைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல் மீன் தட்டுகளுக்கு மேலாகவே இருவரும் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு மீன்கள் கீழே விழுந்தன. ஒருத்தி அழுதாள், மற்றவள் சிரித்தாள், பிறகு மாறி அழுது மாறிச் சிரித்தார்கள். நான் குனிந்து மீனை எடுத்து மேசையில் வைத்தேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். குடிக்கத் தண்ணீர்ப் பை ஒன்று தந்தார்கள். பிறகு அவர்கள் தங்கள் மொழியில் கதைக்கத் தொடங்கினார்கள். முதலில் அவள் எனக்காக இடைக்கிடை ஆங்கிலத்தில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது. அரை மணி நேரம் இருந்திருப்பேன். அந்தத் தண்ணீர்ப் பையை எப்படி உடைத்துக் குடிப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் பாவாடை நனைந்தது.

பிறகு அவள், "அக்கா, தையல்காரியிட்டை ஒருக்காப் போட்டு வாறன். நன்றி ஆராதனைச் சட்டை முடிஞ்சுதோ எண்டு பாக்கவேணும். அந்த ஒடுங்கின படியிலை நீங்கள் ஏறேலாது. இவளோடை இருங்கோ" என்று சொல்லிவிட்டுச் சனத்துக்குள் மறைந்துவிட்டாள்.

மீன்காரி ஒரு பெரிய மீனை எடுத்து, நடுமுள்ளை ஒரே இழுவையில் உருவி, சதையைத் தாளில் வைத்து என்னிடம் நீட்டினாள். அவளுடைய ஆங்கிலம் சுருக்கமானது, ஆனால் தெளிவானது.

"நீங்கள் அவளை அங்கை நல்லாப் பாக்கிறீங்கள். எல்லாம் சொல்லுவாள். உங்களுக்கு நான் நன்றி சொல்லவேணும்" என்றாள்.

அது அன்பாகத்தான் சொன்னது. இப்போது எழுதும்போது எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த முக்காலியில், நனைந்த பாவாடையோடு இருந்தபோது அது எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. நன்றி சொல்ல இவள் யார்? தன்னுடைய பொருள் ஒன்றை என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, வந்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல அல்லவா நன்றி சொல்கிறாள்? சந்தைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று என் குரல் எழும்பியது.

"நான்தானே பாக்கவேணும். புருஷன் விட்டிட்டுப் போய் மூண்டு வருசம். வேறை ஆர் இருக்கினம் அவளுக்கு? உங்களுக்கு அவள் அதைச் சொல்லேல்லைப் போல."

சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகியது. சில நொடிகள்தான். அவள் முகம் மாறுவதைப் பார்க்க ஆவலாக இருந்தேன்.

முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்ததுபோல அல்ல. அவள் சட்டென்று இடதுபக்கம் பார்த்தாள். அடுத்த மேசையில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த வயதான பெண்ணின் கை அப்படியே நின்றிருந்தது.

"மெல்லமாக் கதையுங்கோ" என்றாள் மீன்காரி. "அவ தாயின்ரை சேர்ச்சுக்குப் போறவ. இங்கிலிஷ் விளங்கும்."

பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்குத் தெரியும். அவன் வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ளை எனக்குத்தான் எடுத்தவள். அழுகையிலை ஒண்டும் விளங்கேல்லை. நான் இஞ்சை இருந்து என்ன செய்யிறது? கிட்ட இருக்கிற ஆரையும் கூப்பிடு எண்டனான். ஒருத்தரும் வேண்டாமெண்டாள். அந்த மரவள்ளிக்கிழங்கு அக்காவைக் கூப்பிடு, அவ வருவா எண்டு நான்தான் சொன்னனான்."

மூன்று வருடங்களாக நான் சூப்பிக்கொண்டிருந்தது வாயில் இருந்து விழுந்தது. அன்று காலை அவள் முதலில் நினைத்தது என்னை அல்ல. இவள் சொல்லித்தான் என் தொலைபேசி அடித்தது. என்னை ஒருதரம்கூடக் காணாத இவள், நான் ஓடி வருவேன் என்று என்னைப் பற்றி நம்பியிருக்கிறாள். நான் அவளைப் பற்றி அப்படி ஒரு நல்ல நினைப்பு ஒருநாளும் நினைத்ததில்லை.

என் தோழி திரும்பி வந்தபோது கையில் மூன்று சட்டைகள் இருந்தன. நீலத்தில் மஞ்சள் பறவைகள் அச்சடித்த ஒரே துணி. ஒன்று அவளுக்கு, ஒன்று மீன்காரிக்கு, ஒன்று எனக்கு. "துணி தெரிஞ்செடுத்தது இவள்தான். மூண்டு பேருக்கும் ஒரே துணி வேணுமெண்டு நிண்டவள்" என்றாள். நான் அதை வாங்கி மடியில் வைத்தேன். வெங்காயக்காரி எங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அடுத்தநாள் மத்தியானமே விடயம் வீட்டுக்கு வந்துவிட்டது. வெங்காயக்காரி நேரே வந்து தாயோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். பிறகு தாய் மகளைக் கூப்பிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று நாங்கள் மூன்று வருடமாகப் பயந்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டார். நாங்கள் தடுக்க முன்னமே ஏறி, கலியாணப் படத்தைக் கழற்றி, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கீழே வைத்தார். பிறகு மகளிடம், "மருமகன் போனது எனக்குப் பெரிசில்லை. நீ எனக்குப் பொய் சொன்னதுதான் பெரிசு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நானும்தானே பொய் சொன்னவள்.

மீன்கடையில் கேட்டது என்று வெங்காயக்காரி சொல்லியிருந்தாள். யார் வாயில் இருந்து என்று தாய் கேட்கவில்லை. மீன்காரியைத் தவிர என் தோழிக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும்? என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தாள். அவர்கள் மொழியில் ஏதோ கத்தினாள். மறுபக்கத்தில் இருந்து இரண்டே இரண்டு சொல் கேட்டது. இவள் தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தாள்.

"தான்தானாம், அக்கா. தன்ரை வாய் தவறிப் போச்சாம். முப்பத்தேழு வருசம். எல்லாம் அவளுக்குத்தான் சொன்னனான். என்னட்டை இப்ப நீங்கள் மட்டும்தான்" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

நான்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். திறக்கவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருடமாக நான் கூடையோடு நின்று ஆசைப்பட்ட சொல்லை அவள் சொல்லிவிட்டாள். நீங்கள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். இருவரும் அந்த நீலச் சட்டையில். பாட்டுக்கு எழும்பியபோது ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், அதே நீலத்தில், மீன்காரி தனியாக நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையை அசைத்தாள். கோபமாக இல்லை. என் தோழி திரும்பவேயில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவளைத் தாண்டி நடந்தாள். அவளுடைய கை என் கையை இறுக்கியது. அந்த இறுக்கம் எனக்காக அல்ல, பின்னால் நிற்கிறவளுக்காக என்று எனக்குத் தெரிந்தது. என் சந்தோஷம் அங்கேயே கெட்டுப்போனது.

பின்னேரம் கணவருக்கு எடுத்தேன்.

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப சொன்னது நீர். பழி அந்த மனுசியிலை."

"ஓம்."

"ஏனப்பா சொன்னனீர்?"

"தெரியேல்லை" என்றேன். அதுவும் பொய்தான்.

"இஞ்சை வந்தாப்பிறகு சொல்லேலாது. அங்கை நிக்கேக்கையே சொல்லிப்போடும்" என்றார்.

திங்கட்கிழமை காலை, தலையிடி மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகச் சந்தைக்குப் போனேன். சிறிய வான் ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு போய் இறங்கினேன். இரண்டு தரம் வழி தவறினேன். துணிக்கடை வரிசைக்குள் போய், வெளியே வந்து, மறுபடி அதே துணிக்கடை வரிசைக்குள்ளே நின்றேன். "ஒப்ரோனி, ஒப்ரோனி" என்று வெளிநாட்டவரைக் கூப்பிடும் சொல்லால் நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். கடைசியில் சாமான் சுமக்கிற பெண் ஒருத்தி, நான் மூக்கைப் பொத்திக் காட்டிய சைகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீன் வரிசைவரை கூட்டிப்போய் விட்டாள்.

மீன்காரி என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. முக்காலியைக் காலால் தள்ளினாள். நான் இருக்கவில்லை.

"ஏன் பழியை உங்களிலை போட்டீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் ஒரு வாடிக்கையாளருக்கு மீன் சுற்றிக் கொடுத்து, மேலதிகமாக ஒரு சின்ன மீனையும் வைத்து அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அவளுக்கு என்னிலை கோவம் வரும், போகும். ஆறு வயசிலை இருந்து எத்தினை தரம் வந்து போயிருக்கு. உங்களிலை வந்தா என்ன ஆகுமெண்டு எனக்குத் தெரியாது. திரும்பிப் போய் அங்கை அவள் ஆரோடை இருக்கிறது? நான் இஞ்சை இருந்து கஞ்சி வைச்சுக் குடுக்கேலுமோ?"

அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் இருந்த பொறாமை போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. கூடியது. கோபம் வரும், போகும் என்று ஒருத்தி தன் தோழியைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக, இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறதே என்று எரிந்தது. என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருதரம்கூடச் சண்டை பிடித்ததில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். சண்டை பிடித்தால் உடைந்துவிடும் என்ற பயத்தில்தான் பிடிக்கவில்லை என்று அந்த மீன் மேசைக்கு முன்னால்தான் விளங்கியது.

"நான் அவளிட்டைச் சொல்லப்போறன்" என்றேன்.

"சொல்லுறதெண்டால் இண்டைக்கே சொல்லுங்கோ" என்றாள். "நாளைக்கெண்டால் சொல்லமாட்டீங்கள்."

வீட்டுக்குப் போனபோது என் தோழி முற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி இருந்து சொன்னேன். முக்காலி, நனைந்த பாவாடை, நன்றி சொன்னது, நான் கத்தியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லி ஒரு சொல்லும் முதலில் வரவில்லை. "எனக்கு அவவிலை எரிச்சல்" என்றுதான் வந்தது. பிறகுதான் மற்றது வந்தது.

அவள் கையில் இருந்த சட்டையைப் பிழிந்து முடித்தாள். கொடியில் போட்டாள். சவர்க்கார நுரையை முழங்கையால் துடைத்துவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் படலையைத் திறந்துகொண்டு போனாள். எங்கே போகிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் மிச்ச உடுப்பைத் தோய்த்தேன். வெயில் சாய்கிற நேரம் இருவரும் தெருவில் வருவது தெரிந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். மீன்காரி ஏதோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் குந்திவிட்டாள். அதே சிரிப்பு. நான்தான் இவர்களைச் சேர்த்து வைத்தேன் என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. மறுபக்கம் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினேன்.

மிச்ச இரண்டு நாளும் அவள் என்னோடு மரியாதையாகத்தான் நடந்தாள். சாப்பாடு போட்டுத் தந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. திரும்பிவரும் விமானத்தில் அவளுக்கு நாலு வரிசை முன்னால் இடம் கிடைத்தது. இடம் மாற்றித் தரட்டுமா என்று பணிப்பெண் கேட்டபோது, வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

மெல்பேர்னில் ஏழு வாரம் நாங்கள் கதைக்கவில்லை. வார்ட்டுக்கு இரத்தம் எடுக்கப் போனால் நோயாளரின் விபரத்தைச் சொல்வாள், கோப்பைத் தருவாள், போய்விடுவாள். சனிக்கிழமைகளில் நான் கடைக்கே போகவில்லை. வீட்டில் புரோக்கொலியும் கரட்டும் சமைத்தேன். மகள் கேட்டாள், கணவர் கண்ணைக் காட்டி அவளை அடக்கினார்.

எட்டாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், எனக்கு வேலை இல்லாத நாள், அழைப்புமணி அடித்தது. அவள் தாதி உடுப்போடு நின்றாள். உள்ளே வந்து, குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் தீரேல்லை" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்குத் தீராது. ஆனா வீட்டிலை தனிய இருந்து கோவப்பட ஏலாமல் கிடக்கு. இஞ்சை இருந்து கோவப்படப் போறன்."

"இருங்கோ" என்றேன்.

சோறும் நெத்தலிக் கறியும் இருந்தன. போட்டுக் கொடுத்தேன். கையால் குழைத்துச் சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, "அவளோடை இருபது தரம் சண்டை பிடிச்சிருப்பன். உங்களோடை இதுதான் முதல் தரம், அக்கா" என்றாள். அக்கா என்ற சொல் தானாக வந்ததா, யோசித்துப் போட்டாளா என்று தெரியவில்லை. நான் இன்னொரு கரண்டி கறியை அவள் சாப்பாட்டுக் கோப்பையில் விட்டேன். மூன்று மணிக்குக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த புதன் மறுபடி வந்தாள்.

போன வாரம் என் கைபேசிக்குத் தெரியாத எண் ஒன்றில் இருந்து செய்தி வந்தது. கானாவின் எண். மீன்காரிதான். அவளுக்கு என் எண்ணை யார் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? கேட்டால் எனக்கு ஓம் என்றுதான் சொல்வாள். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

ஓம், சாப்பிடுகிறாள், கவலைப்படாதீர்கள் என்று பதில் எழுதி அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, "இண்டைக்கு என்ரை வீட்டிலைதான் சாப்பிட்டவள்" என்று ஆங்கிலத்தில் இன்னொரு வரி எழுதினேன். தேவையில்லாத வரி என்று தெரியும். அனுப்பிவிட்டேன்.